ஆணி ஓட்டைச் சூரியன்கள்

"வானத்தைப் பாக்குறவளுக்கு வயிறு தங்காது."

இந்தச் சொல்லை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கென்றே செய்தார்கள். கேட்டால் பழமொழி போல இருக்கும். பழமொழி அல்ல. என் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்த வாரத்தில் கிணற்றடியில் யாரோ ஒருத்தி வாயில் முளைத்தது; அடுத்த அமாவாசைக்குள் பாட்டன் பூட்டன் காலத்துச் சொல்லாகிவிட்டது. ஒரு சொல் ஒரே மாதத்தில் கிழடு தட்டிப் போகும். என் பிள்ளைக்கு அந்த ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

ரெம்பியாவிலிருந்து உள்ளே தள்ளிய கித்தாத் தோட்டம் அது; கித்தா என்றால் ரப்பர். நான் அங்கே வாக்கப்பட்டுப் போனவள். பிறந்தது மலாக்கா டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால். அப்பாவுக்கு மளிகைக் கடையில் வேலை. பொட்டலம் மடிக்க வரும் பழைய பத்திரிகைகளை நான் படித்து முடித்த பிறகுதான் மடிக்க விடுவேன். சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்று நான் அறிந்தது, சீரகம் மணக்கும் ஒரு கிழிந்த தாளில். அன்று முழுக்கச் சந்திரன் மேல் எனக்குக் கோபம். பிறகு அதன் மேல் ஒரு தோழமை வந்துவிட்டது. இரவல் வெளிச்சத்தில் நடக்கிறவர்கள்தானே நாங்களும்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும், கங்காணி பேர் கூப்பிடுவார், பிறகு பால் வெட்டப் பிரிந்து போக வேண்டும். எல்லோரும் தலையைக் குனிந்து நிற்பார்கள். தூக்கத்தில், குளிரில், கங்காணியின் கண்ணில் படாமலிருக்க. எனக்குக் குனிந்து நிற்க வராது. நாலு பக்கமும் கித்தா மரம், நடுவே வெட்டிவிட்ட சதுரமாக வானம். வேறு எதைப் பார்ப்பது? மாதத்துக்கு மாதம் அதில் ஆட்கள் மாறுவார்கள். ஏழு முனிவர் தலைகீழாக இறங்குவார்கள். கித்தாக் காட்டுக்குள் குறுக்கே நடந்து வரும், கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவர், தெற்கே சாய்ந்து நின்ற நாலு நட்சத்திரங்களைக் காட்டி, 'பிந்தாங் பாரி' என்றார். திருக்கை மீன். பார்த்தால் திருக்கையேதான், வாலோடு. துருவன் மட்டும் எங்களுக்கு இல்லை. கப்பல் ஏறி வந்தவர்களின் ஊரில் மர உச்சிக்கு மேலே தெரிந்தவன், இந்த நாட்டில் தரையோடு தரையாகக் கிடக்கிறான், மரங்கள் மறைத்துவிடும். அசையாதவன் என்று பெயர் எடுத்தவனே இங்கே காணாமல் போகிறான் என்றால், அசையாத சட்டம் என்று எதைச் சொல்வது என்று எனக்குத் தோன்றும்.

"மேல என்னம்மா தொங்குது?" என்பார் கங்காணி.

"கார்த்திகை, மாமா. இன்னிக்கு ஆறும் தெரியுது."

"ஆறும் எறங்கி வந்தா பேர் குடுக்கச் சொல்லு. வெட்டுக்கு ஆள் பத்தல."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிற்றில் முதல் பிள்ளையோடும் அப்படித்தான் நிமிர்ந்து நின்றேன். பிள்ளை போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. நின்ற விதம் குற்றமாகிவிட்டது.

என் மாமியார் கெட்டவள் இல்லை. கப்பலில் கைக்குழந்தையோடு ஏறி, கைக்குழந்தை இல்லாமல் இறங்கியவள். மிஞ்சிய ஒரே மகனுக்கு என்னைக் கட்டி வைத்தவள். இரண்டாவது தரம் நான் தலை முழுகாமல் இருந்தபோது, என்னை உட்காரவைத்து நேராகச் சொன்னாள்.

"இந்தப் பிள்ளையும் நிக்கலேன்னா ஒன்னைய டவுனுக்கு ஒங்கப்பன் வீட்டுக்கே அனுப்பிருவேன். எம் மவனுக்கு ஊர்ல முறைப்பொண்ணு இருக்கு. தெரிஞ்சுக்க."

"நீங்க அனுப்புனா போறேன், அத்தை. வானத்தச் சொல்லி அனுப்பாதீங்க."

"வாயி! இந்த வாய்க்கே வயிறு நிக்காது."

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கிரகணம் வந்தது. வந்த நாளைப் பாருங்கள்: தை முதல் நாள். சூரியனுக்குப் பொங்கல் வைக்கிற அதே நாளில், நடுப்பகல் திரும்பும் நேரத்தில், சூரியனுக்குக் கிரகணம்.

தோட்டமே கலங்கிப் போயிற்று. முந்தின நாள் மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். கிரகணத்துக்கு முன்னால் சமைத்ததை உண்ணக்கூடாது. பொங்கலையோ காலையில் வைத்தாக வேண்டும். வைத்தால் சாப்பிட முடியாது, வைக்காவிட்டால் பண்டிகை இல்லை. பூசாரி வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டு முடிவு சொன்னார்: கிரகணம் விட்டு, தலை முழுகிய பிறகுதான் அடுப்பில் பானை ஏற வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. காய் நறுக்கக்கூடாது. கர்ப்பிணிகளை வெளிச்சமே நுழையாத இடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும்.

நான் பின்னாலிருந்து கேட்டேன். "பூசாரி ஐயா, நாளைக்கு யாருக்குப் பண்டிகை?"

"சூரிய பகவானுக்கு. இது என்ன கேள்வி?"

"அவருக்குத் துன்பம் வர்ற நேரத்துல நாம கதவச் சாத்திக்கிட்டா, அது என்ன மரியாதை?"

பூசாரி என்னைப் பார்க்கவில்லை. என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் ஒரு குரல், "டவுன்காரி லா," என்றது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். பயம் இருந்தது. சீரகத் தாளில் படித்தது ஒரு பக்கம். என் கையில் குளிர்ந்து கிடந்த முதல் பிள்ளை மறுபக்கம். நிழல் என்பது நிழல்தான், வெயிலில் நடந்துபோகும் மாட்டின் நிழல் யார் வயிற்றையும் கலைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது எல்லாம் பகலில். இருட்டியதும் நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு, வேண்டாம், பார்க்க வேண்டாம் என்றுதான் படுத்தேன்.

எங்கள் தோட்டத்தில் அந்தச் சமயம் மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சி. ஐந்து பெற்று ஆறாவதைச் சுமந்த ஓர் அக்கா. தலைச்சனைச் சுமந்த ஒரு சின்னப்பெண். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பெரட்டுக்களத்தில் என் பக்கத்தில் நிற்பவள். பிறகு நான். லயத்து வீடுகளில் சுவரெல்லாம் சந்து; அது ஆகாது என்று எங்களைப் பழைய ஆயாக் கொட்டகையில் அடைத்தார்கள். தாய்மார் வெட்டுக்குப் போகும்போது ஆயா குழந்தைகளை வைத்துக்கொள்ளும் கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை. ஆண்கள் நாலு பேர் காலையிலிருந்து பலகைச் சந்துகளில் கோணிச்சாக்கைத் திணித்தார்கள். கதவின் அடியில் ஈர மண்ணைப் பூசினார்கள். ஜன்னலை ஆணி அடித்து மூடினார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். ஒரே ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். கிரகணத்தன்று மேலே பார்க்கக்கூடாது அல்லவா? ஆகையால் கூரையை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தத் தகரம் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து போட்ட பழைய தகரம். பழைய ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை.

வெளியே தாழ் விழுந்தது. மாமியார் கதவுக்கு முதுகைக் கொடுத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு காவல் உட்கார்ந்தாள். சின்னப்பெண் ஆளுக்கொரு தர்ப்பைப் புல்லைக் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து, கண்ணை இறுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது. மண் தரையில், நெல்லிக்காய் அளவில், அங்கங்கே வெளிச்ச வட்டங்கள். எந்த நாளும் எந்த வீட்டிலும் விழுகிற வட்டங்கள். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டை வட்டம், அதனால் வெளிச்சமும் வட்டம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வட்டத்தின் ஓரம் குறைந்தது.

எலி கடித்த அப்பளம் போல. நான் அடுத்த வட்டத்தைப் பார்த்தேன். அதிலும் அதே ஓரம், அதே கடி. அதற்கடுத்ததிலும். நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். ஒரு ஓட்டை நீளம், ஒன்று சதுரம், ஒன்று துருவேறிக் கிழிந்த வாய். தரையில் விழுந்தவை எல்லாம் ஒரே உருவம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் தரையில் கிடந்தது ஓட்டையின் உருவம் அல்ல. சூரியனின் உருவம். ஒவ்வொரு ஆணி ஓட்டையும் ஒரு சூரியனை உள்ளே இறக்கிவிட்டிருக்கிறது. நாங்கள் அதன் மேல் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறோம்.

கிரகணத்தைப் பார்க்கக்கூடாதென்று எங்களை இருட்டில் அடைத்தவர்கள், அதைப் பார்க்க அந்தத் தோட்டத்திலேயே சிறந்த இடத்தில் எங்களை அடைத்துவிட்டார்கள்.

நான் சிரித்துவிட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"ஏண்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்றாள் ஐந்து பெற்ற அக்கா.

"அக்கா, தரையப் பாரு. சூரியன் உள்ளாற வந்துருச்சு."

அவள் பார்த்தாள். கொஞ்சம் பின்வாங்கினாள். பிறகு காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள். "அஞ்சு பெத்தாச்சு. ஆறாவது என்னைய என்ன பண்ணிரும்? நல்லா காட்டு."

என் கணவரின் வெள்ளை வேட்டி ஒன்றை விரிப்புக்குக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தரையில் விரித்தேன். மண்ணில் மங்கலாகக் கிடந்தவை துணியில் ஏறிப் பளிச்சென்று நின்றன. பாதித் தோசைகள். பிறகு பிறைகள். வேட்டியைத் தூக்கி ஓட்டைக்குக் கிட்டே பிடித்தால் சின்னதாகி மின்னின. இறக்கினால் பெரிதாகி மங்கின. எனக்குச் சொல்லித்தர யாருமில்லை, சொல்லித்தரவும் வேண்டியிருக்கவில்லை. கைக்குத் தானாகப் புரிந்தது. வெளியே சீனன் கடைப் பக்கம் தகர டின்னைத் தட்டும் சத்தம். கம்பத்தில் மரக்கட்டையை மொத்தும் சத்தம். தோட்டத்து நாய்கள். இத்தனை ஜாதி ஜனமும் சூரியனை மீட்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது; சூரியன் எங்கள் மடியில் சத்தமில்லாமல் மெலிந்துகொண்டிருந்தது.

"பகல்ல நச்சத்திரம் தெரியும்னு சொன்னியே, எங்கடி?" என்றாள் அக்கா.

சொல்லியிருந்தேன், பத்திரிகை படித்த கொழுப்பில். முழு இருட்டு வரும் என்று பெரட்டில் எல்லோரிடமும் அடித்துப் பேசியிருந்தேன். வரவில்லை. ஓட்டைகளில் வெளிச்சம் நீர்த்த மோர் போல வெளுத்தது, அவ்வளவுதான். முழு நிழல் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்திராவில் விழுந்தது என்று பிற்பாடு அறிந்தேன். அன்றைக்கு வாயைக் கோணிக்கொண்டு, "வரும்போது வரும்," என்றேன். "கூலி ஒசத்தக் கேட்டா வெள்ளைக்காரத் தொரை சொல்ற மாதிரியே பேசுற," என்றாள் அக்கா.

சூரியன் சாயச் சாயப் பிறைகளும் தரையில் நகர்ந்தன. ஒன்று என் கால்விரலில் ஏறியது. கணுக்காலில் ஏறியது. அடுத்தது எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்தது. நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம், அறையில் வேண்டிய மட்டும் இருட்டு இருந்தது. என் முதல் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. மாமியார் சொன்ன முறைப்பெண் நினைவுக்கு வந்தாள். நான் நகரவில்லை. பிறை என் புடவை மேல் ஏறி வயிற்றில் நின்றது. உள்ளே பிள்ளை ஓர் உதை விட்டது. நெல்லிக்காய் அளவுச் சூரியன் மேலும் கீழும் ஆடியது. இன்றைக்கும் எனக்குத் தெரிந்த மிக நல்ல காட்சி அதுதான்.

"நீயும் வா, பாரு," என்று சின்னப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஐயோ வேணாங்க்கா. நான் கண்ணத் தொறக்க மாட்டேன். என்னைய விட்டுருங்க." அவள் கடைசிவரை சுவரைப் பார்த்தே கிடந்தாள்.

எல்லாம் விட்ட பிறகு கதவு திறந்தது. மாமியார் முதலில் தரையைப் பார்த்தாள். வட்டங்கள் மறுபடி வட்டங்களாகக் கிடந்தன. பிறகு கூரையைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அவள் முட்டாள் இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன், அத்தை. வயித்து மேலயே வந்து நின்னுச்சு."

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையால் என் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். அன்று மாலை, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனுக்குப் பொங்கல் பொங்கியது. எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசி கழிவதற்குள் சின்னப்பெண்ணுக்கு வலி எடுத்தது. பிள்ளை இரண்டு நாள் இருந்தது. பிறகு இல்லை.

லயத்தில் ஒரு பேச்சும் எழவில்லை முதலில். அவள் மேல் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை: தர்ப்பை பிடித்தாள், கண் மூடினாள், பிள்ளைக்குத் தழும்பு விழும் என்று உடம்பைச் சொறியக்கூட இல்லை. ஆனால் சும்மா இருக்க முடியுமா? கிணற்றடி கூடிப் பேசி முடிவுக்கு வந்தது. பார்த்தவள் பக்கத்தில் இருந்ததால் பாவம் தெறித்துவிட்டது. நாலைந்து பெண்கள் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். என் மாமியார் வழியை மறித்து நின்றாள்.

"எம் மருமவள ஏச எனக்கு மட்டுந்தான் வாயி இருக்கு. போங்கடி வேலையப் பாத்துக்கிட்டு!"

அது அன்பில்லை, உரிமை. அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

நான் சின்னப்பெண்ணின் வீட்டுக்குப் போனேன். சுவரோரமாக அதே மாதிரிச் சுருண்டு கிடந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பாக்கவே இல்லையேக்கா. நீங்க கூப்புட்டும் பாக்கலையே. அப்பறம் ஏன்?"

என்ன சொல்வது? நான் டாக்டர் இல்லை. ஆனால் எனக்குக் கண் இருந்தது. அவள் வலி எடுத்த அன்று காலைவரை பால் வாளி சுமந்ததைப் பார்த்த கண். மார்கழி முழுக்க அவள் குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டே பேர் கொடுத்ததைப் பார்த்த கண். மாட்டுக்கொட்டகைச் சாக்கடை கிணற்றுப் பக்கம் வழிவதை நாள்தோறும் பார்த்த கண். எங்கள் லயத்தில் பிள்ளை சாகாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். கிரகணமோ எப்போதோ ஒரு நாள்தான் வருகிறது. மற்றப் பிள்ளைகளையெல்லாம் யார் பார்த்துக் கொன்றார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. வானத்தைக் குற்றம் சொன்னால் யாருக்கும் வலிக்காது. ராகு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ப் புகார் சொல்லப்போவதில்லை. கிணற்றைச் சொன்னால் தொரைக்குக் கோபம் வரும், கங்காணிக்குக் கோபம் வரும், புதுக் கிணறு வெட்ட வேண்டிவரும். அதனால் எங்கள் பிள்ளைகள் எல்லாம் வானத்தின் கணக்கில் எழுதப்பட்டார்கள்.

இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை. "ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல. மேல இருக்கறதுங்க மேலயும் இல்ல," என்றேன். "கீழ இருக்கறத நாளைக்குக் காட்டுறேன், வா."

மறுநாள் கிணற்றில் கலக்கும் சாக்கடையை அவளுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து நானும் ஐந்து பெற்ற அக்காவும் கம்பத்துக் கிணற்றுக்கு நடந்தோம். தூரம். கங்காணி ஏசினார். "நம்ம கெணத்துல என்ன பாம்பா கெடக்கு?" "பாம்புன்னா தேவல, மாமா. அதுவாச்சும் கண்ணுக்குத் தெரியும்," என்றாள் அக்கா. ஒரு வாரம் கழித்துச் சின்னப்பெண்ணும் குடத்தோடு வந்து சேர்ந்தாள்.

எனக்குச் சித்திரையில் மகள் பிறந்தாள். லயமே வந்து அவள் உடம்பில் குறை தேடியது. உதட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், விரலை எண்ணினார்கள், காதை மடக்கினார்கள். ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போனார்கள். இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும்படி அக்கா என்னைத் தூண்டினாள். நான் கேட்கவில்லை. என் மகளை நான் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். அவள் நன்றாகப் பிறந்தது எனக்குச் சாட்சி என்றால், சின்னப்பெண்ணின் பிள்ளை செத்தது அவர்களுக்குச் சாட்சியாகிவிடும். உதடு பிளந்து பிறந்திருந்தாலும் நான் பார்த்தது பார்த்ததுதான், நிழல் நிழல்தான்.

மூன்று வருடம் போய் மறுபடி ஒரு சூரிய கிரகணம் வந்தது. இந்தத் தடவை முழு நிழல் வடக்கே கெடாப் பக்கம். எங்களுக்கு மறுபடியும் முக்கால் பங்குதான். நான் இந்த முறை வாயை அளந்து பேசினேன். உச்சி வெயில். வெட்டு முடிந்து, ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு எல்லோரும் லயத்துக்குத் திரும்பும் நேரம். சின்னப்பெண் மறுபடி நிறைமாதம். ஆயாக் கொட்டகையில் சாணி மெழுகி வைத்திருந்தார்கள். கூரை ஓட்டையெல்லாம் தார் பூசி அடைத்தாயிற்று. என் மாமியாரின் யோசனை.

சின்னப்பெண் வரவில்லை. பெரட்டுக்களத்து ஓரம் கித்தா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். இலைகளுக்கு நடுவே இருந்த சந்துகள் எல்லாம் ஓட்டைகளாகி, கீழே சருகு மேல், வேர் மேல், அவள் தோள் மேல், வயிற்று மேல், ஆயிரம் பிறை. காற்று அடித்தால் அத்தனையும் ஓடிப் போய்த் திரும்பி வந்தன. கங்காணி தூரத்திலிருந்தே கத்தினார். என் மாமியார் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வாடி உள்ள! ஒரு பிள்ளையக் குடுத்தது போதாதா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டுப் பாத்துட்டேன், பெரியம்மா. இந்தத் தடவ தொறந்து பாக்குறேன்."

மாமியார் மறுபடி அவள் கையைப் பிடிக்கவில்லை. பிறகு, "நிக்காத, கால் வீங்கும். உக்காந்து பாரு," என்று அதட்டிவிட்டு, முகத்தை மூடியபடியே அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அது கிணற்றடிக் கேள்வி.